பிரேசிலின் சம்பா, இலங்கையின் பைலா, சேரம்பாடியின் தப்பு: கப்பலேறி வந்த தாளத்தின் கதை

காலேஜ் டூர் பஸ்ஸில் கடைசி சீட்டிலிருந்து யாராவது 'சுராங்கனி'யை ஆரம்பித்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அடுத்த நிமிஷம் மொத்த பஸ்ஸும் முன் சீட்டின் முதுகைத் தட்ட ஆரம்பித்துவிடும். பாட்டில் பாதி சிங்களம், அர்த்தம் பலருக்குப் புரியாது. ஆனால் யாருக்கும் கை மட்டும் தப்பாது.

அந்தத் தட்டு எங்கிருந்து வந்தது? "இலங்கையிலிருந்து" என்பது பாதி பதில்தான். மீதிப் பதிலைத் தேடிப் போனால் ஆப்பிரிக்காவுக்கும், அங்கிருந்து மனிதர்களை ஏற்றிவந்த போர்த்துக்கீசியக் கப்பல்களுக்கும் போய் நிற்போம். அதே கப்பல்காரர்கள் உலகின் இன்னொரு மூலையில் இறக்கிவிட்ட மக்கள் உருவாக்கியதுதான், இன்று உலகமே ஆடும் பிரேசிலின் சம்பா.

இந்தக் கதையின் ஒரு முனை நீலகிரியிலும் இருக்கிறது. ஊட்டியிலிருந்து கூடலூர், தேவாலா, பந்தலூர் தாண்டி, கேரள எல்லையை ஒட்டி இருக்கும் சேரம்பாடி. இலங்கையிலிருந்து 'தாயகம் திரும்பிய' தமிழர்கள் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட ஊர்களில் ஒன்று. பிரேசிலில் தொடங்கி இலங்கை வழியாகச் சேரம்பாடி வரை போய் வருவோம்.

முதலில் பிரேசில்: யார் இந்த இசையைக் கொண்டுபோனது?

அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் அமெரிக்கக் கண்டங்களுக்கு உயிரோடு போய்ச் சேர்ந்த ஆப்பிரிக்கர்கள் ஒரு கோடிக்கும் மேல். அதில் பத்துப் பேருக்கு நான்கு பேருக்கு மேல், அதாவது சுமார் 48 லட்சம் பேர், இறக்கப்பட்டது பிரேசிலில். அங்கோலா, காங்கோ, இன்றைய நைஜீரியா, பெனின், மொசாம்பிக் எனப் பல இடங்களிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள். கரும்புத் தோட்டம், தங்கச் சுரங்கம், பிறகு காபித் தோட்டம் என உழைப்பு உறிஞ்சப்பட்டது. அமெரிக்கக் கண்டங்களில் அடிமை முறையைக் கடைசியாக ஒழித்த நாடும் பிரேசில்தான். அந்தச் சட்டம் வந்த நாள் 1888 மே 13.

கப்பலில் வந்தவர்களிடம் பெட்டி படுக்கை எதுவும் கிடையாது. பெயரைக்கூட மாற்றிவிட்டார்கள், ஞானஸ்நானம் செய்து வைத்தார்கள். ஆனால் கைத்தட்டலையும் கால் மிதிப்பையும் பறிமுதல் செய்ய முடியவில்லை. வடகிழக்குப் பிரேசிலின் பையா மாநிலத்தில், யோருபா மக்களின் தெய்வங்கள் கத்தோலிக்கப் புனிதர்களின் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பிழைத்தன. அந்த வழிபாடுதான் காண்டம்ப்ளே. நம்ம ஊர் கொடையில் ஒவ்வொரு சாமிக்கும் தனித்தனி அடி இருப்பதுபோல, அங்கேயும் ஒவ்வொரு தெய்வத்துக்கும் ஒரு தாளம். அட்டபாக்கி என்ற உயரமான மூன்று முரசுகளில் அதை வாசிப்பார்கள். தாளத்தை மாற்றினால் வேறு சாமி இறங்கும்.

தட்டும் கத்தியும்: வாத்தியங்கள் எப்படிப் பிறந்தன?

பையாவின் கிராமங்களில் வட்டமாக நின்று கைதட்டி ஆடும் சம்பாவில் ஒரு முக்கியமான வாத்தியம் சமையலறைத் தட்டு. அதன் விளிம்பைச் சாப்பாட்டுக் கத்தியால் உரசுவார்கள், அவ்வளவுதான். இந்த 'வட்டச் சம்பா'வை யுனெஸ்கோ 2005-ல் மனிதகுலப் பாரம்பரியமாக அறிவித்தது.

மற்ற வாத்தியங்களை நமக்குத் தெரிந்தவற்றோடு ஒப்பிட்டால் சுலபமாகப் பிடிபடும்.

பாண்டெய்ரோ: நம்ம கஞ்சிராவின் தூரத்துச் சொந்தம் மாதிரி. சட்டத்தில் சிலம்பு வில்லைகள் கூடுதல்.

குயிக்கா: தோலின் நடுவில் உள்பக்கமாக ஒரு மெல்லிய குச்சி கட்டியிருக்கும். ஈரத்துணியால் அந்தக் குச்சியை உருவினால் முரசு சிரிக்கும், அழும், முனகும். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து உறும வைக்கும் நம் உறுமியைக் கேட்டவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது.

பெரிம்பாவ்: ஒற்றைக் கம்பி கட்டிய வில். அடியில் ஒரு சுரைக்குடுக்கை. கப்போய்ரா என்ற ஆட்டம் கலந்த தற்காப்புக் கலைக்கு இதுதான் வழிகாட்டி. குஜராத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளி சித்தி மக்களிடம் 'மலுங்கா' என்ற பெயரில் ஏறக்குறைய இதே வில் இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு வில் மேற்கே போனது, இன்னொன்று கிழக்கே வந்தது.

சுர்டோ: சம்பா குழுவின் அடித்தளமான பெரிய முரசு. ரியோவின் எஸ்டாசியோ பகுதியைச் சேர்ந்த பிடி என்ற கலைஞர், பெரிய வெண்ணெய் டின்னில் தோல் கட்டி முதல் சுர்டோவைச் செய்தார் என்று சொல்வார்கள்.

தட்டு, கத்தி, வெண்ணெய் டின். கையில் கிடைத்ததுதான் வாத்தியம். இதை நினைவில் வையுங்கள், இலங்கையில் மறுபடியும் பார்ப்போம்.

மேசையில் தட்டிப் பாருங்க: இந்த ரிதம் ஏன் ஆட வைக்கிறது?

ஒரு சின்னப் பரிசோதனை. ஒன்றிலிருந்து எட்டு வரை சீராக எண்ணுங்கள். 1-லும் 5-லும் காலைத் தட்டுங்கள். இது நடை. இப்போது கையால் 1, 4, 7-ல் மட்டும் தட்டுங்கள். ஜதியாகச் சொன்னால்: தகிட தகிட தக. மூன்று, மூன்று, இரண்டு.

கவனித்தீர்களா? கையும் காலும் ஒன்றாக விழுவது 1-ல் மட்டும்தான். மற்ற இரண்டு தட்டும் காலுக்கு நடுவில் வந்து இடிக்கின்றன. அந்த இடிதான் உடம்பை அசைக்கிறது. ஆப்பிரிக்க–பிரேசில் இசையின் பல வகைகளில், வெவ்வேறு வேகத்தில் வெவ்வேறு வாத்தியங்களில், இந்த மூன்று-மூன்று-இரண்டு ஓடிக்கொண்டே இருக்கும்.

சம்பாவில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. அது இரண்டு எண்ணிக்கைத் தாளம். நாம் பொதுவாக முதல் அடியைக் கனமாகப் போடுவோம். சம்பாவில் மிகத் தாழ்ந்த சுருதியுள்ள சுர்டோ இரண்டாவது அடியில்தான் 'தும்' என்று விழும். ஒன்றில் லேசு, இரண்டில் கனம். அதனால்தான் சம்பா எப்போதும் முன்னால் சாய்ந்து ஓடுவது மாதிரியே கேட்கும்.

போலீஸ் பிடுங்கிய பாண்டெய்ரோ

1888-ல் விடுதலை வந்தது. நிலம் வரவில்லை, இழப்பீடும் வரவில்லை. பையாவிலிருந்து வேலை தேடிப் பலர் ரியோவுக்குப் போனார்கள். 1890-ல் வந்த புதிய தண்டனைச் சட்டம் கப்போய்ராவைக் குற்றம் என்றது. வேலையில்லாமல் சுற்றுவதையும் குற்றம் என்றது. கையில் பாண்டெய்ரோவோடு தெருவில் நடந்தால் போதும், போலீஸுக்கு அது 'சுற்றித் திரிபவன்' என்பதற்கான அடையாளம்.

சம்பா வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் ஒரு சம்பவம் இருக்கிறது. ஜோவாவ் ட பையானா என்ற கலைஞரின் பாண்டெய்ரோவை போலீஸ் பறித்துக்கொண்டது. இதைக் கேள்விப்பட்ட பின்யேரோ மச்சாடோ என்ற செனட்டர், புதிய பாண்டெய்ரோ ஒன்றில் தன் பெயரோடு வாசகம் எழுதி அவருக்குப் பரிசளித்தார். அதன்பிறகு அந்த வாத்தியமே அவருக்குப் பாஸ் மாதிரி.

அந்தக் காலத்தில் ரியோவில் தியா சியாட்டா என்ற பையா பெண்மணியின் வீட்டு முற்றம்தான் கலைஞர்கள் கூடும் இடம். அந்த வட்டத்திலிருந்து வந்த 'பெலோ டெலிஃபோனி' என்ற பாட்டு 1917-ல் இசைத்தட்டாக வெளியாகிப் பெரும் புகழ் பெற்றது. சம்பாவின் தொடக்கமாகப் பலரும் சொல்வது இதைத்தான். 1928-ல் எஸ்டாசியோவில் முதல் 'சம்பா பள்ளி' உருவானது. பள்ளி என்றால் வகுப்பறை இல்லை. தெருவே சேர்ந்து நடத்தும் திருவிழாக் குழு. 1932-ல் முதல் போட்டி ஊர்வலம் நடந்தது. 1930-களில் ஜெட்டூலியோ வர்காஸ் அரசு சம்பாவைத் தேசிய அடையாளமாக முன்னிறுத்த ஆரம்பித்தது. ஒரு தலைமுறைக்கு முன்னால் லாக்கப்பில் கிடந்த வாத்தியம் நாட்டின் முகமாகிவிட்டது.

ஆனால் கணக்கு அதோடு தீரவில்லை. ஆப்பிரிக்க வழிபாட்டு இடங்களில் சோதனை நடத்தி போலீஸ் அள்ளிச் சென்ற பொருட்கள் பல பத்தாண்டுகள் ரியோ போலீஸ் மியூசியத்திலேயே கிடந்தன. "எங்கள் புனிதத்தை விடுவியுங்கள்" என்று அந்தச் சமூகங்கள் போராடிய பிறகு, 2020-ல்தான் அவை குடியரசு அருங்காட்சியகத்துக்கு மாற்றப்பட்டன.

உலகம் எப்படிக் கேட்டது?

1950-களின் கடைசியில் சம்பாவின் தாளத்தை ஒற்றை கிட்டாருக்குள் மென்மையாக அடக்கினார் ஜோவாவ் ஜில்பெர்டோ. அதுதான் போஸா நோவா. 1960-களில் 'இபனேமா பெண்' பாட்டு வழியாக அது உலகெங்கும் போனது. ஹோட்டல் லிஃப்டில், காபி ஷாப்பில் மெலிதாக ஒலிக்கும் அந்த ரிதத்தை நீங்கள் பெயர் தெரியாமலே கேட்டிருப்பீர்கள்.

இன்னொரு பக்கம், பையாவின் தலைநகர் சால்வடாரில் 1974-ல் 'இலே ஐயே' என்ற கறுப்பினக் கார்னிவல் குழு பிறந்தது. வெள்ளையர் குழுக்களில் இடம் கிடைக்காதவர்களின் பதில் அது. 1979-ல் ஒலோடும் வந்தது. சம்பாவையும் ஜமைக்காவின் ரெகேயையும் கலந்து முரசுகளாலேயே ஒரு புதிய இசையைச் செய்தார்கள். 1990-ல் பால் சைமன் தன் ஆல்பத்தில் அவர்களைச் சேர்த்தார். 1996-ல் மைக்கேல் ஜாக்சன் 'தே டோன்ட் கேர் அபௌட் அஸ்' வீடியோவுக்காக சால்வடார் தெருவில் ஒலோடும் டி-ஷர்ட் போட்டு ஆடினார். யூடியூபில் அவருக்குப் பின்னால் அந்த முரசுக் கூட்டத்தைக் கவனியுங்கள். பாட்டை இழுத்துக்கொண்டு போவது அவர்கள்தான்.

அதே கப்பல், இந்தப் பக்கம்

சரி, இலங்கைக்கு வருவோம். 1505-ல் போர்த்துக்கீசியர் அங்கே கால் வைத்தார்கள். படைவீரர்களாகவும் அடிமைகளாகவும் ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்தார்கள். பிறகு வந்த டச்சுக்காரர்களும் பிரிட்டிஷாரும் அதையே செய்தார்கள். மொசாம்பிக் கரையிலிருந்து பிரேசிலுக்கும் மனிதர்கள் போனார்கள், இந்தியப் பெருங்கடல் பக்கமும் வந்தார்கள்.

ஆகவே சம்பா இலங்கைக்கு வந்தது என்று சொல்ல முடியாது. பெரியப்பா பிள்ளையும் சித்தப்பா பிள்ளையும் வெவ்வேறு ஊரில் வளர்ந்த கதை இது.

புத்தளம் அருகே சிரம்பியடி என்ற ஊரில் இன்றும் ஆப்பிரிக்க வம்சாவளி இலங்கையர் வாழ்கிறார்கள். 'கஃபீர்' என்று அழைக்கப்படுவார்கள். பல நாடுகளில் அந்தச் சொல் வசை என்பதால் கவனமாகவே பயன்படுத்த வேண்டும். அவர்கள் பேசிய போர்த்துக்கீசியக் கலப்பு மொழி வீட்டுப் பேச்சிலிருந்து கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. இளையவர்கள் பேசுவது சிங்களம். ஆனால் 'மாஞ்சா' பாட்டு இருக்கிறது. சில வரிகளுக்கு அர்த்தம் பாடுபவர்களுக்கே முழுசாகத் தெரியாது. தாளம் மட்டும் பிசகாது.

வாத்தியம் என்னென்ன தெரியுமா? ரபானா என்ற வட்ட முரசு, தேங்காய்ச் சிரட்டை, கண்ணாடி பாட்டில், அதைத் தட்ட ஒரு ஸ்பூன். பையாவில் தட்டும் கத்தியும், புத்தளத்தில் பாட்டிலும் ஸ்பூனும்.

இந்த ஆப்பிரிக்கத் தாளமும் போர்த்துக்கீசிய மெட்டும் கலந்து 'கஃப்ரிஞ்ஞா' என்ற ஆட்டப்பாட்டு உருவானது. மட்டக்களப்பின் போர்த்துக்கீசியப் பறங்கியர் கல்யாணங்களில் வயலினோடு அது இன்றும் ஒலிக்கிறது. அதிலிருந்து வந்ததுதான் பைலா. போர்த்துக்கீசிய மொழியில் 'ஆடு' என்ற வினைச்சொல்லின் வழி வந்த பெயர். வாலி பாஸ்டியன் என்ற போலீஸ்காரர் சிங்களத்தில் பாடி அதை மக்கள் இசையாக்கினார். பிரேசிலில் போலீஸ் வாத்தியத்தைப் பறித்தது, இலங்கையில் போலீஸ்காரரே பாடினார்!

பைலாவின் கணக்கு ஆறு. வலது கையால் 'தகிட தகிட', இடது கையால் அதே நேரத்துக்குள் 'தக தக தக'. இரண்டையும் சேர்த்துத் தட்டினால் பைலா. நம்ம டப்பாங்குத்தும் கும்மியும் ஓடுவது இதே ஆறு எண்ணிக்கையில்தான். பஸ்ஸில் யாருக்கும் கை தப்பாததற்குக் காரணம் இப்போது புரிகிறதா?

நித்தி கனகரத்தினம் போன்றவர்கள் இந்தத் தாளத்தில் தமிழ் பொப் பாடல்களைப் பாடினார்கள். 'சிலோன்' மனோகர் என்று நமக்குத் தெரிந்த ஏ.இ.மனோகரன் 'சுராங்கனி'யோடு தமிழகத்தையே ஆட வைத்தார். 1977-ல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையிலும் அந்தப் பாட்டு வந்தது. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

சேரம்பாடிக்கு வந்த தாளம்

இப்போது இன்னொரு கப்பல். 19-ம் நூற்றாண்டில் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கமிருந்து தமிழர்கள் இலங்கையின் காபித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். சட்டப்படி அடிமைகள் இல்லை. ஆனால் கங்காணியிடம் பட்ட கடன் அவர்களைக் கட்டிப்போட்டது. அவர்களும் சுமந்துபோனது தாளத்தைத்தான்: தப்பு, காமன்கூத்து. விடிகாலையில் தொழிலாளர்களை 'பெரட்டு'க்கு, அதாவது வேலைக் கணக்கெடுப்புக்கு, அழைத்ததும் தப்புச் சத்தம்தான். சாமிக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, துரைக்கு ஓர் அடி.

1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. நூறு வருஷம் கழித்து, தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல். மண்டபம் முகாம். அங்கிருந்து ஒரு பகுதியினர் நீலகிரிக்கு. அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-ல் வனத்துறை தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் 1976-ல் டேன்டீ என்ற அரசு நிறுவனமானது. சேரம்பாடி அதன் தோட்டப் பகுதிகளில் ஒன்று.

இங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் 'சிலோன்காரங்க'. அங்கே 'இந்தியாக்காரர்', இங்கே 'சிலோன்காரர்'. தமிழ்நாட்டிலிருந்து போன தப்பும், இலங்கை ரேடியோவில் கேட்டு வளர்ந்த பைலாவும் அந்த ஒரே தலைமுறையோடுதான் கப்பலேறி வந்தன.

ஏற்கெனவே இங்கிருந்த துடி

சேரம்பாடியின் கதையை இதோடு முடித்தால் தப்பு. தேயிலை வரும் முன்பே இந்த மண்ணில் இருந்தவர்கள் பணியர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடிகள். கூடலூர்–பந்தலூர் பகுதி 1877 வரை வயநாட்டோடு இருந்தது. அந்த வயநாட்டில் பணியர் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கொத்தடிமைகளாக இருந்தார்கள். மானந்தவாடி அருகே வள்ளியூர்க்காவு கோயில் திருவிழாவில், 'நில்ப்புப் பணம்' கொடுத்து ஒரு வருஷத்துக்கு ஆட்களைப் பிடிக்கும் வழக்கம் 20-ம் நூற்றாண்டிலும் இருந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல். பிரேசிலுக்கு 88 வருஷம் கழித்து.

பணியரின் தோற்றத்தை வைத்து அவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் என்று பிரிட்டிஷ் காலத்தில் எழுதி வைத்தார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. அவர்கள் இந்த மண்ணின் மக்கள். ஒப்பிட வேண்டியது ரத்தத்தை இல்லை, நடத்தப்பட்ட விதத்தை. பணியரின் கல்யாணத்திலும் சாவுச் சடங்கிலும் துடியும் குழலும் ஒலிக்கும். நிலமும் கூலியும் அடுத்தவர் கையில் இருந்தபோதும் துடி அவர்கள் கையிலேயே இருந்தது.

இதில் நமக்கு என்ன?

சம்பாவின் வரலாற்றைப் பார்த்தால் ஒரு வரிசை தெரியும். முதலில் முரசைக் கேவலமாகப் பார்ப்பார்கள். அடுத்து தடை போடுவார்கள். பிறகு மேடையேற்றுவார்கள். கடைசியில் நாட்டின் பெருமை என்பார்கள். ஆனால் முரசு மேடையேறுவதும் முரசு அடித்தவருக்கு வீடு கிடைப்பதும் ஒன்றல்ல. ரியோ கார்னிவலுக்கு உயிர் கொடுக்கும் குழுக்களில் பல இன்றும் மலைச்சரிவுக் குடிசைப் பகுதிகளிலிருந்துதான் வருகின்றன.

சேரம்பாடியிலும் இதே கேள்வி நிற்கிறது. பறையும் தப்பும் இன்று சென்னை மேடைகளில், கல்லூரி விழாக்களில் கம்பீரமாக ஒலிக்கின்றன. நல்ல விஷயம். ஆனால் டேன்டீ தோட்டத்தில் முப்பது நாற்பது வருஷம் கொழுந்து கிள்ளியவர், ஓய்வு பெற்றதும் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு எங்கே போவது என்ற கவலையோடு இருக்கிறார். தாத்தா ஒரு முறை கப்பலேறினார், அப்பா ஒரு முறை கப்பலேறினார். மூன்றாவது முறை மூட்டை கட்டச் சொன்னால் எப்படி?

அடுத்த முறை டூர் பஸ்ஸில் 'சுராங்கனி'க்குத் தட்டும்போது, பக்கத்து சீட் நண்பரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஊட்டிக்குப் போகிற பஸ்ஸாக இருந்தால், அப்படியே சேரம்பாடி எங்கே இருக்கிறது என்றும் மேப்பில் காட்டுங்கள்.